வண்டி மையிலிருந்து அயனி நீர்மம் வரை: செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரையில் உயவும் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

அயனி நீர்மங்கள் புத்தாயிரத்தின் தொடக்கத்திலிருந்து புதிய உயவுப்பொருள்களாக முன்வைக்கப்பட்டு வருகின்றன. ஆவியாகாமை, தீப்பற்றாமை, வெப்பம் தாங்குதல் ஆகிய பண்புகளால் அவை எவ்விடத்துக்கும் பொருந்தும் என்னும் எண்ணம் பரவியது. ஈரம், வெற்றிடம், வெப்பம், உலோகம் ஆகியவை மாறும்போது அவற்றின் செயல்திறனும் மாறுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உயவுப்பொருளின் தரத்தை அது பணியாற்றும் சூழலே முடிவுசெய்கிறது என்னும் இவ்வுண்மை செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரையின் தொழில்நுட்ப வரலாற்றில் முன்பே பதிந்துள்ளது. உப்பு வண்டியின் அச்சு, ஆமணக்கெண்ணெய், கல்பாக்கத்தின் நீர்மச் சோடியம் ஆகிய மூன்று நிலைகளின் வழியே அதனை நிறுவி, அயனி நீர்மங்களை அவ்வரிசையில் வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: உயவு, உராய்வியல், அயனி நீர்மம், ஆமணக்கெண்ணெய், நீர்மச் சோடியம், கல்பாக்கம், கடற்கரைச் சூழல்.

முன்னுரை

தமிழகத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கட்டப்பட்டவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோயில், ஏரி, கப்பல், செப்புத் திருமேனி ஆகியவை ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு, அவற்றை ஆக்கவும் நகர்த்தவும் பயன்பட்ட கருவிகளின் தேய்மானம் ஈர்க்கவில்லை. தேயாமல் காத்த பொருள் தன் சுவட்டை விட்டுச் செல்வதில்லை என்பது இதற்கொரு காரணம். அச்சில் இட்ட எண்ணெய் வற்றிப்போகும், கல்வெட்டில் ஏறாது.

மாமல்லபுரத்துக்கு வருவோர் ஒற்றைக்கல் தேர்களைக் காண்கின்றனர். உருளவேண்டாத தேர்கள் அவை. ஆதலின் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு மேற்கே சில கல் தொலைவில் திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் திருவிழாவின்போது மரத்தேர் வீதியில் உருள்கிறது. அதன் அச்சுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். கல்தேரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. மரத்தேரின் அச்சையும் அதற்கு இடப்படும் எண்ணெயையும் பற்றிய எழுத்து மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், கோவளம் முதல் செய்யூர் வரையிலான கடற்கரையைக் கொண்டது. உப்பளம், பக்கிங்காம் கால்வாய், தொடர்வண்டிப் பாதை, அணுமின் நிலையம், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை ஆகியன இக்குறுகிய நிலப்பரப்பில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உப்புக்காற்று, மணல், ஈரம் என்னும் மூன்றும் இங்கே இயங்கும் எந்திரம் ஒவ்வொன்றையும் சோதிக்கின்றன. உயவின் வரலாற்றை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க இப்பகுதி மிகப் பொருத்தமானது.

1. சொல்லும் பொருளும்

உராய்வைக் குறைத்தலைக் குறிக்க இன்றைய அறிவியல் தமிழ் ‘உயவு’ என்னும் சொல்லை ஆள்கிறது. சங்க வழக்கில் இச்சொல் வருத்தத்தைக் குறிப்பது. வருத்தம் என்னும் பொருளுடைய சொல், வருத்தத்தைத் தணிக்கும் செயலுக்குக் கலைச்சொல்லாக நிலைபெற்றிருப்பது மொழி வரலாற்றில் கருதத்தக்கது. மக்கள் வழக்கில் ‘மசகு’, ‘மை’ ஆகிய சொற்களே பெரிதும் வாழ்கின்றன. வண்டியச்சில் இடப்படும் கருநிறக் குழம்பு ‘வண்டி மை’ எனப்பட்டது. இலங்கைத் தமிழில் ‘மசகு எண்ணெய்’ என்னும் தொடர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயையே குறிக்கிறது. அச்சுக்கு இடும் எண்ணெயின் பெயர் ஓரிடத்தில் எண்ணெய் வளம் முழுவதற்கும் பெயராக விரிந்திருக்கிறது.

கலைச்சொல் ஒன்றாகவும் மக்கள் வழக்குகள் பலவாகவும் இருப்பது குறையன்று. கலைச்சொல் பண்பைக் குறிக்கிறது. வழக்குச் சொல் பொருளை, அதன் நிறத்தை, அது ஒட்டும் கையைக் குறிக்கிறது. ஒரு பொருள் எச்சூழலில் உயவாகும் என்னும் அறிவு இரண்டாவது வகைச் சொற்களோடுதான் பெரிதும் பிணைந்துள்ளது.

2. உப்பு வண்டியும் சேம அச்சும்

கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர் வண்டிகளைச் சங்க இலக்கியம் பல இடங்களில் காட்டுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர் வண்டியை உறுப்புறுப்பாக விவரிக்கிறார். சக்கரத்தின் சூட்டும் ஆரமும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. முழுமரத்தாலான குடம் முழவுக்கு ஒப்பிடப்படுகிறது. அந்நூல் காட்டும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும் இரவில் கலங்களை அழைக்கும் விளக்கும் வருகின்றன. நீர்ப்பெயற்றை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காணும் ஆய்வாளரும் உளர். அவ்வடையாளம் ஏற்கப்படினும் இல்லையெனினும், இக்கடற்கரையை ஒட்டிய வண்டிப் போக்குவரத்தின் சித்திரம் அது என்பதில் ஐயமில்லை.

புறநானூற்றின் 102-ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், பாரம் மிகுந்த உப்பு வண்டியில் உமணர் மாற்றாகக் கட்டிவைக்கும் ‘சேம அச்சை’ அவனுக்கு உவமையாக்குகிறார். பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும்போது என்ன ஆகுமோ என்னும் அச்சத்தால் அந்த மாற்று அச்சு எடுத்துச் செல்லப்படுகிறது. வள்ளுவரும் 475-ஆம் குறளில் மென்மையான மயிற்பீலியும் அளவு மிகுந்தால் அச்சை முறிக்கும் என்பதை உவமையாக்குகிறார். உவமை என்பது கேட்போர் அனைவரும் அறிந்த அனுபவத்தின் மேல்தான் நிற்க இயலும். அச்சு தேய்தலும் முறிதலும் அக்காலத்தில் எல்லோரும் அறிந்த அபாயமாக இருந்தன என்பதற்கு இவ்விரு சான்றுகளும் போதும்.

இவற்றை ‘முன்னோர் உராய்வியலை அறிந்திருந்தனர்’ என்று பெருக்கிச் சொல்வது பொருந்தாது. பாடல்கள் கூறுவது வேறு. பயணத்தின் சூழல் முன்கூட்டி அறியப்படாதது. ஆகவே மாற்று உறுப்பு வேண்டும். எவ்வளவு காத்தாலும் தேய்மானம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட பராமரிப்பு மனப்பாங்கு அது. இன்றைய ஆலைகளில் உதிரி உறுப்பு இருப்பு வைக்கும் முறைக்கு அடிப்படையும் இதுவே.

அண்மைக்காலம் வரை வழங்கிய வண்டி மையின் செய்முறை எளியது. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். மூங்கில் குழாயில் அதனை இட்டு வண்டியின் கீழே தொங்கவிடுவார்கள். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து அச்சில் தடவுவார்கள். எண்ணெய் மட்டும் இட்டால் வெயிலில் இளகி வடிந்துவிடும். கரித்தூள் அதனைக் கெட்டியாக்கி அச்சோடு நிறுத்துகிறது. இன்றைய மசகுக் களிம்பில் சோப்புப் பொருள் எண்ணெயைத் தாங்கி நிற்பதும் இக்கோட்பாட்டின்படியே. ஆனால் மணற்பாங்கான கடற்கரைப் பாதையில் ஒட்டும் தன்மையே பகையாகவும் மாறும். ஒட்டிய மணல் தேய்ப்புப் பொடியாகி அச்சை அரிக்கும். ஆகவே பழைய மையை வழித்தெடுத்துவிட்டுப் புதியதை இடுவது அவசியமாயிற்று.

இப்பகுதியில் உப்புப் போக்குவரத்தின் ஒரு பகுதி 19-ஆம் நூற்றாண்டில் நீர்வழிக்கு மாறியது. 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் தாங்கிய கால்வாய், 1876–78 பஞ்சக் காலத்துப் பணிகளால் நீட்டிக்கப்பட்டது. கோவளம் பகுதி உப்பும் தெற்கிலிருந்து விறகும் அதில் படகேறிச் சென்னை சென்றன. படகுக்கு அச்சில்லை, நீரே அதனைத் தாங்கும் உயவுப் படலம். உராய்வைக் குறைக்க எண்ணெயை மாற்றுவது ஒரு வழி, சூழலையே மாற்றுவது மற்றொரு வழி என்பதைக் கால்வாய் உணர்த்துகிறது.

3. ஆமணக்கெண்ணெய்: வண்டியிலிருந்து வானூர்தி வரை

1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியது. பின்னர்ச் செங்கல்பட்டும் இருப்புப்பாதைச் சந்திப்பாக வளர்ந்தது. இந்திய இருப்புப்பாதைகள் விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு இடவும் ஆமணக்கெண்ணெயைப் பயன்படுத்தின. மாட்டுவண்டியின் எண்ணெயே நீராவி எந்திரத்துக்கும் சென்றது.

ஆமணக்கெண்ணெயின் சிறப்புக்கு வேதியியல் காரணம் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்களவு ரிசினோலிக் அமிலம். அம்மூலக்கூறின் சங்கிலியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி இரண்டு பணிகளைச் செய்கிறது. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பாகுநிலையை உயர்த்துகிறது. உலோகப் பரப்பில் எண்ணெய் பற்றிக்கொள்ளவும் உதவுகிறது. வேகம் குறைந்து பாரம் மிகும்போது இரு பரப்புகளுக்கு இடையே தடித்த எண்ணெய்ப் படலம் நிலைக்காது. பரப்பைப் பற்றிய மெல்லிய மூலக்கூறு அடுக்கே தேய்மானத்தைத் தடுக்கும். இந்நிலையை ‘எல்லை உயவு’ என்பர். 1883-இல் பியூச்சாம்ப் டவர் தாங்கியில் எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தைக் கண்டறிந்தார். 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதக் கோட்பாடு தந்தார். 1920-களில் ஹார்டி எல்லை உயவை ஆராய்ந்தார். மாட்டுவண்டியின் அச்சு பெரும்பாலும் இயங்கியது இந்த எல்லை நிலையில்தான்.

முதல் உலகப்போர்க் காலத்துச் சுழல் எந்திர வானூர்திகளுக்கு ஆமணக்கெண்ணெய் இன்றியமையாததாயிற்று. அவ்வெந்திரங்களில் பெட்ரோல் கலந்த காற்று எந்திரத்தின் உட்பகுதி வழியே செல்லும். கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும். ஆமணக்கெண்ணெய் எளிதில் கரையாது. இங்கும் எண்ணெயைத் தேர்ந்தது சூழலே. 1909-இல் வேக்ஃபீல்டு நிறுவனம் தன் எண்ணெய்க்கு இட்ட காஸ்ட்ரால் என்னும் பெயர், ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது.

ஆயினும் ஆமணக்கெண்ணெய் எங்கும் வென்றதில்லை. நீண்ட நேரம் உயர் வெப்பத்தில் காற்றோடு கலந்தால் அது ஆக்சிசனேற்றமடைந்து பிசினாகிறது. ஈரம் புகுந்தால் நீராற்பகுப்பால் கட்டற்ற அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கிறது. மூடிய எண்ணெய்த் தொட்டியுடைய எந்திரங்கள் பெருகியபோது கனிம எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு சூழலில் குணமாக இருந்தது மறு சூழலில் குற்றமாயிற்று. இந்த வாய்பாடு அடுத்து வரும் இரு நிலைகளிலும் மீண்டும் தோன்றுகிறது.

4. கல்பாக்கம்: எண்ணெய் நுழையக்கூடாத இடம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. அதற்கு அடுத்த படியாக 500 மெகாவாட் மின்திறன் கொண்ட முன்மாதிரி வேக ஈனுலை கட்டப்பட்டது. 2024 மார்ச்சில் அதில் எரிபொருள் நிரப்பும் பணி தொடங்கியது.

இவ்வுலைகளில் வெப்பத்தைக் கடத்துவது நீரன்று, நீர்மச் சோடியம். அது 98 டிகிரி செல்சியசில் உருகி 883 டிகிரியில் கொதிக்கிறது. முன்மாதிரி உலையின் மையத்துக்குள் ஏறத்தாழ 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இச்சோடியத்தைச் சுழலச் செய்யும் எக்கிகளின் செங்குத்துத் தண்டு மேலே மின்னோடியோடும் கீழே சோடியத்தில் மூழ்கிய சுழல்விசிறியோடும் இணைந்திருக்கிறது. மேல் தாங்கிக்கு எண்ணெய் இடலாம். கீழ்த் தாங்கிக்கு எந்த எண்ணெயையும் இட இயலாது. அவ்வெப்பத்தில் அது சிதையும், சோடியத்தையும் மாசுபடுத்தும்.

இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு, சோடியத்தையே உயவாக்குவது. ஆனால் சூடான சோடியத்தின் பாகுநிலை அறை வெப்பநிலை நீரைவிடவும் குறைவு. தண்டு சுழல்வதால் மட்டும் போதிய தடிமனுடைய படலம் உருவாகாது. ஆதலின் எக்கி தானே உண்டாக்கும் அழுத்தத்தில் சோடியத்தைத் தாங்கியின் குழிகளுக்குள் செலுத்தித் தண்டை மிதக்கச் செய்யும் நீர்ம அழுத்தத் தாங்கி பயன்படுகிறது. பாகுநிலையில் குறைந்ததை அழுத்தத்தால் ஈடு செய்வது இதன் உத்தி.

எண்ணெய் தப்பிச் சோடியத்தில் கலந்தால் நேரும் விளைவுக்குப் பிரித்தானியாவின் டூன்ரே சான்று. 1991-இல் அங்கிருந்த முன்மாதிரி வேக உலையின் எக்கித் தாங்கி எண்ணெய் முதன்மைச் சோடியத்தில் கசிந்ததால் உலை நிறுத்தப்பட்டது. காக்க இட்ட எண்ணெயே கேடாக முடிந்த நிகழ்வு அது.

சோடியம் வேறொரு சிக்கலையும் தருகிறது. காற்றில் எஃகின் பரப்பில் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். இரு எஃகுப் பரப்புகள் ஒட்டாமல் காப்பது அதுவே. தூய சூடான சோடியம் இரும்பின் ஆக்சைடை நீக்கிவிடுகிறது. வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொடும்போது தானே பற்றவைத்துக் கொள்கிறது. அணுத் தொழில்துறை அல்லாத பல இடங்களில் இதற்குக் கோபால்ட் கலந்த கடின மேற்பூச்சே வழக்கம். அணு உலையில் கோபால்ட் நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 ஆகிக் கதிர்வீசும். அதன் அரை ஆயுள் 5 ஆண்டுக்கும் மேல். பழுது பார்ப்போருக்கு அது தீங்கு. எனவே கல்பாக்கத்து ஆய்வாளர்கள் நிக்கல் அடிப்படையிலான கால்மனாய் மேற்பூச்சைப் பரிந்துரைத்தனர். இங்கே உராய்வுக்கான தேர்வை முடிவு செய்ததில் பராமரிப்புத் தொழிலாளரின் உடல்நலமும் ஒரு காரணி.

சோடியத்தில் சிறிதளவு ஆக்சிசன் இருந்தால் எஃகின் குரோமியத்தோடு சேர்ந்து சோடியம் குரோமைட்டுப் படலம் உருவாகி உராய்வைக் குறைக்கிறது என்பதும் அறியப்பட்டுள்ளது. மாசு எனக் கருதப்படுவதே அளவோடு இருந்தால் உயவாகிறது. சூழல் உயவைக் கெடுப்பது மட்டுமன்று. சில வேளைகளில் உயவை ஆக்கித் தருவதும் அதுவே.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைப்பு நிலையத்தில் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அப்போது கட்டுமானத்தில் இருந்த முன்மாதிரி ஈனுலையின் அடித்தளக் குழியும் வெள்ளத்தில் மூழ்கியது. வடிவமைப்பாளர் கருதும் சூழல் வேறு, ஒரு நாளில் வந்து சேரும் சூழல் வேறு என்பதை அந்நாள் காட்டியது. மேடுபள்ளம் அறியாத உமணரின் சேம அச்சு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

5. அயனி நீர்மங்கள்: உரிமைகோரலின் வரலாறு

அயனிகளால் மட்டுமே ஆகி, 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகிய நிலையில் இருக்கும் உப்புகளை அயனி நீர்மங்கள் என்பர். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். அதன் அயனிகள் சிறியவை, ஒழுங்காக அடுக்கக்கூடியவை. அயனிகளைப் பெரிதாகவும் ஒழுங்கற்ற வடிவிலும் அமைத்தால் அடுக்கு குலைந்து உருகுநிலை தாழ்கிறது. உப்பளங்கள் நிறைந்த கடற்கரையின் வரலாற்றில் உப்பே நீர்மமாகி உயவாவது பொருத்தமான திருப்பம் எனலாம்.

1914-இல் பால் வால்டன் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு ஏறத்தாழ 12 டிகிரியிலேயே உருகுவதை அறிவித்தார். பல்லாண்டுகள் அது தனி வியப்பாகவே நின்றது. 1992-இல் வில்க்ஸ், சாவரோட்கோ இருவரும் காற்றிலும் நீரிலும் நிலைக்கும் இமிடசோலியம் நீர்மங்களை அறிமுகப்படுத்திய பின்னரே துறை விரிந்தது. 2001-இல் சீனாவின் லான்சோ வேதி இயற்பியல் நிறுவன ஆய்வாளர்கள், இமிடசோலியம் டெட்ராஃபுளூரோபோரேட்டு நீர்மங்கள் எஃகு, அலுமினியம், செம்பு, சுட்டாங்கல் வகைகள் எனப் பல இணைகளுக்கு உயவாகின்றன என்று வெளியிட்டனர். ‘பன்முகப் பயனுடைய உயவுப்பொருள்’ என்னும் உரிமைகோரல் அங்கிருந்து தொடங்குகிறது.

கல்பாக்கத்துக்கு அயனி நீர்மங்கள் வந்த வழி வேறு. பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து யுரேனியம், பல்லேடியம் முதலிய தனிமங்களைப் பிரிக்கும் ஊடகமாக அவை அங்கே வேதியியலாளரால் ஆராயப்பட்டன. வைரநிகர் கார்பன் படலங்களின் உராய்வு சுற்றியுள்ள வளிக்கேற்ப மாறுவதும் அம்மையத்தில் ஆராயப்பட்டுள்ளது. நீர்ம உப்பு பற்றிய அறிவும் சூழல்சார் உராய்வு பற்றிய அறிவும் ஒரே வளாகத்தில் அருகருகே வளர்ந்திருக்கின்றன.

6. சூழல் தரும் தீர்ப்பு

ஈரம்: முதற்கட்ட நீர்மங்களில் பலவற்றின் எதிர்மின் அயனி டெட்ராஃபுளூரோபோரேட்டு அல்லது ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட்டு. உராய்வின்போது ஃபுளூரின் இரும்போடு வினைபுரிந்து காப்புப் படலம் அமைப்பது உலர்ந்த சூழலில் நன்மை. ஈரமான காற்றில் இதே அயனிகள் நீராற்பகுப்படைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடை விடுவிக்கின்றன. அது எஃகை அரிக்கும், கையாள்வோருக்கும் தீங்கானது. 2003-இல் ஸ்வாட்லோஸ்கியும் அவர் குழுவினரும் இச்சிதைவை எடுத்துக்காட்டி, அயனி நீர்மம் எப்போதும் ‘பசுமை’ அன்று என எச்சரித்தனர். ஆமணக்கெண்ணெயை ஈரம் அமிலமாக்கியது போலவே இதனையும் ஆக்குகிறது. அமிலம் மட்டும் இங்கே மிகக் கொடியது.

நீர்: நீர் எப்போதும் பகையன்று. 2004-இல் ஃபிலிப்ஸ், சபின்ஸ்கி இருவரும் சிலிக்கன் நைட்ரைடுச் சுட்டாங்கல் பரப்புகளில் நீரோடு சிறிதளவு அயனி நீர்மத்தைச் சேர்த்துத் தொடக்கத் தேய்மானம் குறைவதைக் காட்டினர். எஃகில் கேடு செய்த ஈரம் சுட்டாங்கல்லில் துணையாயிற்று. நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் நன்னீராக்கும் ஆலை போன்றவை பெருகும் இக்கரையில், நீரால் உயவாகும் சுட்டாங்கல் உறுப்புகளுக்கு இந்த ஆய்வுவழி கவனத்துக்குரியது.

வெற்றிடம்: ஆவியழுத்தம் மிகக் குறைவாதலால் விண்கல உறுப்புகளுக்கு அயனி நீர்மம் ஏற்றது எனக் கருதப்பட்டது. ஆயினும் 2006-இல் ஏர்லும் அவர் குழுவினரும் சில அயனி நீர்மங்களை உயர் வெப்பத்தில், தாழ்ந்த அழுத்தத்தில் வாலை வடிக்க இயலும் எனக் காட்டினர். ‘ஆவியாகாது’ என்பதைவிட ‘மிக அரிதாக ஆவியாகும்’ என்பதே சரி. மேலும் வெற்றிடத்தில் உராய்ந்து புதிதாக வெளிப்பட்ட உலோகப் பரப்பு நீர்மத்தைச் சிதைத்து வளிகளை வெளிவிடச் செய்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக்சைடு இழந்த எஃகு சோடியத்தில் நடந்துகொண்ட விதத்தை இதனோடு ஒப்பிடலாம். காற்றில் நமக்குத் தெரியாமலே காவல் புரியும் ஆக்சைடின் அருமை, அது இல்லாத இடத்தில்தான் புலப்படுகிறது.

எண்ணெய்க் கலவை: பெரும்பாலான அயனி நீர்மங்கள் கனிம எண்ணெயில் கரையா. முழுமையாக அவற்றையே நிரப்பப் பெருஞ்செலவாகும். 2012-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் நீண்ட சங்கிலியுடைய பாஸ்போனியம் பாஸ்பேட்டு நீர்மங்கள் எண்ணெயில் கலப்பதை வெளியிட்டது. எண்ணெயில் சிறு விழுக்காடாகச் சேர்ந்து, தேய்மானம் நிகழும் புள்ளியில் பாஸ்பேட்டுப் படலம் அமைப்பது இவற்றின் பணி. எண்ணெய் முழுவதையும் மாற்றுவதற்குப் பதிலாகச் சேர்மானமாக நிற்பதிலேயே இன்றைய நடைமுறை நம்பிக்கை பெரிதும் உள்ளது.

உயிர்ச்சூழல்: நீண்ட அல்கைல் சங்கிலியுடைய இமிடசோலியம் நீர்மங்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நச்சாகின்றன. ஆமைகள் முட்டையிடும், மீனவர் வலை வீசும் கரையில் கசிவு என்பது எந்திரத்தின் உள்விவகாரம் அன்று. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தார் ஆலசன் அற்ற அயனி நீர்மங்களை, குறிப்பாகக் கொழுப்பு அமிலங்களை எதிர்மின் அயனியாகக் கொண்டவற்றை, உயவுச் சேர்மானமாக ஆராய்ந்துள்ளனர். எண்ணெய் வித்தின் மூலக்கூறு அயனி நீர்மத்தின் ஒரு பாதியாகத் திரும்பி வருகிறது. ஆனால் ஆலசன் அற்றது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. எஞ்சிய பாதியாகிய நேர்மின் அயனியின் நச்சுத்தன்மையும் தனியே அளக்கப்படவேண்டும்.

7. கடற்கரைக்கு உரிய அளவுகோல்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பெறப்படுகிறது. உயவுப்பொருள் பற்றிய ஆய்வேடுகளில் பாரம், வேகம், வெப்பநிலை ஆகியவை தவறாது பதிவாகின்றன; ஈரப்பதம் சில வேளைகளில் விடுபடுகிறது. குளிரூட்டிய ஆய்வறையின் உலர்காற்றில் பெற்ற உராய்வு எண், கல்பாக்கத்தின் கடற்காற்றுக்குச் செல்லாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் கடற்காற்றின் அரிப்பை நேரடியாக அளந்த மரபு நம்மிடம் உண்டு. உலோகத்தை வெட்டவெளியில் வைத்து மாதக்கணக்கில் காத்திருந்து அளக்கும் அந்த முறை, உயவுப்பொருள் ஆய்வுக்கும் நீட்டிக்கத்தக்கது. ஆலசன் அற்ற எதிர்மின் அயனி, நீராற்பகுப்பைத் தாங்கும் பிணைப்பு, உப்பு படிந்த பரப்பில் நிகழ்த்திய சோதனை, கடலுயிர் நச்சுத்தன்மை அளவீடு ஆகிய நான்கும் இக்கரைக்கு முன்மொழியப்படும் எந்த அயனி நீர்மத்துக்கும் குறைந்த அளவுத் தகுதிகளாதல் வேண்டும்.

முடிவுரை

1966-இல் பிரித்தானியாவில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழுவின் அறிக்கை, உராய்வும் தேய்மானமும் நாட்டுப் பொருளாதாரத்துக்கு உண்டாக்கும் இழப்பைச் சுட்டி, உராய்வியலைத் தனித்துறையாக நிறுத்தியது. செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரையின் வரலாறு அதற்கொரு துணைக்குறிப்பைச் சேர்க்கிறது. ஆமணக்கெண்ணெய் வண்டியில் வென்று மூடிய எந்திரத்தில் பின்தங்கியது. எங்கும் காவலாயிருந்த கனிம எண்ணெய் சோடியத்தின் அருகே அபாயமாயிற்று. உலர்சூழலில் சிறந்த அயனி நீர்மம் ஈரத்தில் அமிலமாகிறது. எனவே ‘சிறந்த உயவுப்பொருள் எது?’ என்னும் வினா ‘எவ்விடத்தில்?’ என்னும் சொல் சேராதவரை நிறைவு பெறுவதில்லை.

பழமை எல்லாவற்றையும் அறிந்திருந்தது என்பதும், புதுமை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டும் சூழலை மறக்கின்றன. மாட்டுவண்டி மறைந்துவரும் இக்காலத்தில், வண்டி மை குழைத்தோர், தேரச்சுக்கு எண்ணெய் இட்டோர், கடற்கரை எக்கி நிலையங்களில் தாங்கி மாற்றியோர் ஆகியோரிடம் உள்ள சொற்களையும் செய்முறைகளையும் தொகுப்பது தமிழாய்வாளரின் கடமை. கலைச்சொல் அகராதிக்கு அது வளம் சேர்க்கும். உப்புக்காற்றில் எது எத்தனை நாள் நிற்கும் என்னும், ஆய்வகம் இன்னும் பல ஆண்டுகள் செலவிட்டே பெறவேண்டிய அறிவும் அதனோடு கிட்டும்.